பை தைப்பதற்கு முன் பிரட்டுக்களத்துக்குப் போங்கள்

2022ஆம் ஆண்டு, தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் முதுகில் சுமப்பதற்கென்று நான் தைத்து விற்ற 40 கொழுந்துப் பைகளில் பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் மலையை விட்டு வீட்டுக்குள் போய்விட்டன. ஒரு வீட்டில் அதற்குள் கோதுமை மா இருந்தது. இன்னொரு வீட்டில் விறகுச் சுள்ளி. பை கிழியவில்லை, ஒரு தையலும் விடவில்லை. வாங்கிய பெண்களைக் கேட்டால், "நல்ல பை மகள், அதனால்தான் பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மலைக்குக் கொண்டுபோக முடியாத நல்ல பை ஒன்றை நான் தைத்திருந்தேன்.

நான் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா 31 வருடம் கொழுந்தெடுத்தவர். கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் ஏழு வருடம் இருந்துவிட்டு, இரண்டு ஜூக்கி மெஷினோடு ஹட்டனில் சிறிய தையற்கூடம் வைத்தேன். அம்மாவின் முதுகில் கூடையைப் பார்த்தே வளர்ந்த நான், இனி யாரிடம் போய் என்ன கேட்பது என்றிருந்தேன். இப்போது புதிதாக ஏதாவது செய்ய நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் வருகிறார்கள். ஒருவருக்கு அடுப்பு, ஒருவருக்கு மழைச்சட்டை, ஒருவருக்கு போனில் கணக்கு எழுதும் செயலி. அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்ததை ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையாக இருந்து பார்த்தது ஒன்று. பொருள் செய்பவராகப் போய்ப் பார்ப்பது வேறொன்று.

முழு நாளும் கூட இருங்கள்

அரை மணி நேரம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதால் பயனில்லை. பயன்படுத்தப் போகிறவர் எழும்பும் நேரத்திலிருந்து படுக்கும் நேரம் வரை ஒரு நாள் கூட இருங்கள். முடிந்தால் மழை நாளில் போங்கள். பைகள் வீட்டுக்குள் போய்விட்டது தெரிந்த பிறகு நான் அப்படித்தான் போனேன், அம்மாவோடு வேலை செய்த ஒரு அக்காவின் வீட்டுக்கு. காலை நாலரைக்கு அடுப்பு மூட்டினார். ரொட்டி, தேங்காய்ச் சம்பல், ஒரு போத்தல் தேத்தண்ணி. சின்னப் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போனார். வேலையை மேற்பார்க்கும் கங்காணி அன்றைக்குக் கிள்ள வேண்டிய மலையைச் சொன்னார், ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிரித்தார். செடி கிழிக்காமலும் நனையாமலும் இருக்க இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, 'பொலி பொலி' என்று சொல்லி முதல் கொழுந்தைக் கிள்ளிப் போட்டுத்தான் எல்லோரும் வேலையைத் தொடங்கினார்கள்.

என் முதல் பை பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டுவதுபோல இரண்டு தோளிலும் வார் வைத்தது. தலையில் கயிறு மாட்டிப் பாரம் சுமந்து அம்மாவின் கழுத்து நோவதை நான் பார்த்திருக்கிறேன். பாரம் தலையை விட்டுத் தோளுக்கு இறங்கினால் நல்லது என்று நினைத்தேன். நினைத்ததில் தவறில்லை. அக்காவிடம் அந்தப் பையைக் கொடுத்து, ஒரு நிரைக்கு இதை மாட்டிப் பாருங்கள் என்று கேட்டேன். மாட்டினார். இரண்டு கையாலும் கிள்ளினார். கை நிறைந்ததும் வழக்கம்போல் தோளுக்கு மேலால் பின்னே வீசினார். பாதிக் கொழுந்து கீழே கொட்டியது. தலைக்கயிற்றில் தொங்கும் கூடையின் வாய் முதுகிலிருந்து சற்று விலகித் திறந்திருக்கும், பார்க்காமலே போடலாம். என் பையின் வாய் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பிப் பார்த்துப் போட வேண்டியிருந்தது.

பிறகு அவர் கேட்டதை நான் இன்றைக்கும் என் தையல் மேசைக்கு மேலே எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். "மகள், குளவி வந்தால் இதை எப்படிக் கழற்றுவது?"

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தேயிலைச் செடிக்குள்ளோ நிழல் மரத்திலோ இருக்கும் கூடு கலைந்தால் அந்த நொடியே ஓட வேண்டும். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். உயிர் போனவர்களும் இருக்கிறார்கள். தலைக்கயிறு என்றால் தலையை ஒரு அசைப்பு அசைத்தால் போதும், கூடை பின்னால் விழுந்துவிடும். இரண்டு தோள் வாரைக் கழற்ற, ஈரச் சட்டையோடு எவ்வளவு நேரமாகும்? கழுத்து நோவைக் குறைக்கப் போன நான், ஓட முடியாதபடி அவர்களைக் கட்டிப்போடப் பார்த்திருக்கிறேன். 40 பேரில் ஒருவரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. பையைப் பேசாமல் வீட்டில் வைத்துவிட்டார்கள்.

ஆகவே எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் நல்ல நாளை மட்டும் யோசிக்காதீர்கள். மழையில், இருட்டில், பயத்தில், அவசரத்தில் அது கையில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். அதைப் பார்க்க அந்த இடத்தில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

மடுவத்தில் நின்றபோது

அன்று நான் கற்ற பெரிய பாடம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில். அங்கே ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. ஒரு நாள் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ 18 கிலோ வேண்டும், குறைந்தால் அரைப்பேர். தோட்டத்துக்குத் தோட்டம் இந்தக் கிலோ மாறும். ஒவ்வொரு நிறுவையிலும் கூடைக்கென்றும், மழை நாளில் தண்ணீருக்கென்றும், கழித்துத்தான் எழுதுவார்கள். என் பை தடித்த கென்வஸ் துணி. முதுகுக்குப் பஞ்சு வேறு வைத்திருந்தேன். காலை மழையில் நனைந்ததும் அதைத் தூக்கவே பாரமாக இருந்தது. நிறுப்பவர் பையைக் கையில் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வழக்கத்தைவிட ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தார். அக்காவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் பஞ்சுக்கு அவர் கொழுந்தால் விலை கொடுத்தார்.

அங்கேயே இன்னொன்றும் தெரிந்தது. மற்றக் கூடைகளில் இருந்த கொழுந்து விறைப்பாக இருக்க, என் பையின் அடியில் கிடந்த கொழுந்து சூடேறி வதங்கி, ஓரம் சிவக்கத் தொடங்கியிருந்தது. காற்றுப் போகாத இடத்தில் கொழுந்தை அமுக்கி வைத்தால் வெந்துபோகும். வெந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. அப்படியென்றால் பையை முதுகில் சுமக்கும் பெண் மட்டும் என் வாடிக்கையாளர் இல்லை. நிறுப்பவர், கங்காணி, தொழிற்சாலையில் கொழுந்தைத் தட்டில் பரப்புகிறவர் என்று எல்லோர் கையும் அதில் படுகிறது. தொழிற்சாலைக்காரர்கள் நைலோன் சாக்கை ஏன் வெறுக்கிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: அதன் நார் பிரிந்து கொழுந்தோடு போய்விடும், தேயிலைக்குள் நார் கிடந்தால் வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார். உங்கள் பொருள் யார் யார் கையைத் தாண்டிப் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் அதனால் கூடுவது என்ன, குறைவது என்ன என்று பக்கத்தில் எழுதுங்கள். பாரத்தைச் சுமக்கிறவருக்கே நட்டமும் வருகிறது என்றால், பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் திரும்பத் தையுங்கள்.

தைத்த தையலைப் பாருங்கள்

'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டால் எங்கள் மக்கள் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளைக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்து, "நல்லாய் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். குறை சொல்வது வந்தவரை அவமதிப்பது. கேள்வித்தாளோடு போனால் இன்னும் மோசம். பெயர், தொழிலாளர் இலக்கம், வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு போன எத்தனையோ பேரைப் பார்த்தவர்கள் அவர்கள். பேனாவை எடுத்தவுடன் பேச்சு மாறிவிடும்.

அதற்குப் பதிலாக அவர்கள் தங்கள் கையால் மாற்றி வைத்திருப்பதைப் பாருங்கள். சைக்கிள் டியூப்பை வெட்டிச் செய்த பட்டி, படங்கின் ஓரத்தில் குத்திய ஊக்கு, கூடைக் கயிற்றுக்கு அடியில் நான்காக மடித்து வைத்த பழைய வேட்டித் துண்டு. ஒவ்வொன்றும் யாரோ ஒரு தொல்லையைத் தீர்த்த அடையாளம். "இதை ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். தன் கெட்டித்தனத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் பிடிக்கும். அரை மணி நேரம் பேசுவார்கள்.

அப்படித்தான் கூடைகளில் கட்டியிருந்த சேலைத் துண்டு என் கண்ணில் பட்டது. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பூப்போட்ட துணி. சின்ன வயதில் அதை அழகுக்கு என்று நினைத்திருந்தேன். மடுவத்தில் முப்பது கூடை ஒன்றாகக் கிடக்கும்போது, மூடுபனியில், தன்னுடையதை ஒரே பார்வையில் எடுக்கத்தான் அது. நானோ எல்லாப் பையையும் ஒரே கரும்பச்சையில் தைத்து ஒரு ஓரத்தில் இலக்கம் அச்சடித்திருந்தேன். இப்போது இலக்கம் இல்லை. வாயருகில் ஒரு சிறிய வளையம் மட்டும் விட்டிருக்கிறேன். அவரவர் துணியை அவரவர் கட்டிக்கொள்கிறார்கள்.

விரல்களையும் பாருங்கள். நாள் முழுவதும் கிள்ளிய விரல் கறுத்து, வெடித்து, மழையில் விறைத்திருக்கும். அந்த விரலால் சிப் இழுக்க முடியாது. கொழுந்துச் சாறு பட்டு அதன் பல்லும் இறுகிவிடும். பொத்தானும் சரிவராது. பெரிய வளையமும், ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சும்தான் சரி. மலையில் கழிவறை இல்லாத இடங்களே அதிகம். ஒரு பெண் படங்கையும் மழைச்சீட்டையும் தனியாக அவிழ்த்து, தனியாகத் திரும்பக் கட்ட வேண்டும். முடிச்சு முதுகுப்பக்கம் இருந்தால் இன்னொருத்தியைக் கூப்பிட வேண்டும். இதை ஆண்கள் யாரும் என்னிடம் சொல்லியிருக்க முடியாது. பெண்களும் ஒரு ஆணிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பெண்கள் பயன்படுத்தும் பொருளைச் செய்யும் தம்பிமார் தயவுசெய்து ஒரு தங்கையையோ அக்காவையோ கூட அழைத்துக்கொண்டு போங்கள், அவர் பேசும்போது தள்ளி நில்லுங்கள்.

அடுப்பு செய்ய வந்த தம்பிக்கு நான் சொன்னதும் இதுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஆகவே பருப்பு அவியக் கூடுதல் நேரம் வேண்டும். அதைக் கணக்கில் எடுத்து, சூடு வெளியே போகாத நல்ல அடுப்பை அவர் செய்திருந்தார். விறகும் மிச்சம், புகையும் குறைவு. ஆனால் ஒரு மாலை அந்த வீட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். அடுப்புக்கு மேலே பரணில் நாளைய விறகு காய்கிறது. பக்கத்துக் கொடியில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது. பாட்டி அடுப்பைச் சுற்றிக் கையைக் காட்டிக் குளிர் காய்கிறார். ஒரு அடுப்பு நான்கு வேலை செய்கிறது. மூன்றை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் நன்றாகச் செய்தால் பாட்டி எங்கே போய் உட்காருவார்? புகை நெஞ்சைக் கெடுக்கிறது என்பதும் உண்மைதான். அதனால் விட்டுவிடச் சொல்லவில்லை. சூட்டில் ஒரு பங்கைப் பரணுக்கும் பாட்டிக்கும் அனுப்பும் வழியைத் தேடச் சொன்னேன். தேடிக்கொண்டிருக்கிறார்.

காசு எந்த நாளில் கையில் இருக்கிறது

விலையை மட்டும் யோசித்தால் போதாது, நாளையும் யோசியுங்கள். 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபாயாக வந்தது. 2024இல் 1,350 ஆனது. என் முதல் பையின் விலை 1,400, அதாவது அப்போது ஒரு நாள் சம்பளத்துக்கு மேலே. சம்பளம் பத்தாம் திகதி. கடைப் பற்றுக் கொப்பியைத் தீர்த்த பிறகு பன்னிரண்டாம் திகதி கையில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். தீபாவளி முற்பணம் வரும் நேரத்தில் பெரிய பொருள் வாங்குவார்கள், ஆனால் அந்தக் காசில் பிள்ளைகளின் உடுப்புத்தான் முதலில். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். அந்த மாதத்தில் புதுப் பொருளைக் கொண்டுபோய் விற்கவில்லை என்று வருந்த வேண்டாம்.

தோட்டக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்புப் பக்கெட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் தொடங்கிவைத்த யோசனை அது. பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலி வேலை செய்கிறவரும் வாங்க வேண்டும் என்று விரும்பினார். அவருடைய மகன் ரங்கநாதன் 1983இல் 'சிக்' ஷாம்பைத் தொடங்கி அதே வழியில் பெரிதாக வளர்ந்தார். அவர்கள் பொருளைச் சின்னதாக்கியது ஒரு நாள் கையில் இருக்கும் காசுக்கு அதைப் பொருத்துவதற்காக. பையைச் சின்னதாக்க முடியாது. அதனால் அடிப்பகுதியை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றும்படி தைத்தேன், ஏனென்றால் முதலில் தேய்வது அடிதான். புதுப் பை வாங்கக் காசில்லாதவர் அடியை மட்டும் 300 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறார்.

'மலையகம்' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் மலை ஒன்றல்ல. ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை விடாமல் பெய்யும். அதே ஜூலை, ஆகஸ்டில் பதுளை மாவட்டத்துப் பண்டாரவளையில் காய்ந்த காற்று அடிக்கும். அங்கே பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான். ஹட்டனில் பரீட்சித்த மழைச்சீட்டை அப்படியே பதுளைக்கு ஏற்றினால், நேரமும் தவறும், துணியும் தவறும்.

பெயரும் படமும்

திருவிழா நேரத்தில் மாரியம்மன் படத்தை அச்சிட்டால் பை பறக்கும் என்று ஒரு வியாபாரி எனக்குச் சொன்னார். அம்மாதான் தடுத்தார். பையைத் தரையில் போடுவோம், கால் படும், மாதவிலக்கு நாளிலும் சுமப்போம், அதன்மேல் ஆத்தாவை எப்படி வைப்பது? பக்தி உள்ள மக்கள் என்று தெரிந்தால் மட்டும் போதாது. அந்தப் பக்தி எங்கே கையை நீட்டும், எங்கே கையைப் பின்னே இழுக்கும் என்று தெரிய வேண்டும்.

இன்னொரு பிழை என்னுடையதே. முதல் பையில் 'தோட்டத் தொழிலாளர் பை' என்று பெரிதாகத் துணிச்சீட்டு வைத்துத் தைத்தேன். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை அம்மாவின் பையை எடுத்து, அந்தச் சீட்டை மட்டும் பிளேடால் கவனமாக அறுத்துவிட்டு, கொப்பிகளை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். 'தோட்டக்காட்டான்' என்ற வசையைக் கேட்டு வளர்ந்த மக்கள் நாங்கள். எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து இங்கே வந்த 200 ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது, 'மலையகத் தமிழர்' என்று எங்கள் பெயரை நாங்களே சொல்லிக்கொண்டு நடந்தோம். ஏழைக்கான பொருள் என்று முதுகில் எழுதிக் கொடுத்தால் யார் சுமப்பார்கள்? இப்போது என் பையில் எழுத்தே இல்லை.

இலவசமாகக் கொடுக்காதீர்கள்

சோதனைக்குக் கொடுக்கும்போது இலவசமாகக் கொடுத்தால் பாராட்டுத்தான் கிடைக்கும். பாதி விலையாவது வாங்குங்கள். காசு கொடுத்தவர் குறை சொல்ல உரிமை உள்ளவர். ஒன்றைக் கொடுத்து நல்லதா என்று கேட்காமல், இரண்டு விதமாகத் தைத்து நாத்தனார் இருவருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். மாலையில் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்து இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பேசும்போது நீங்கள் பேசாமல் பக்கத்தில் இருங்கள். ஒரு மலையைத் திரும்பக் கொழுந்தெடுக்க ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அப்படி நான்கு சுற்று, ஒரு பெருமழை, ஒரு சம்பள நாள் ஆகியவை கடக்கும் வரை முடிவு எழுதாதீர்கள். விற்ற எண்ணிக்கையை நான் இப்போது பெரிதாக எடுப்பதில்லை. அதே ஆள் இரண்டாவது தடவை வந்து வாங்கினாரா என்பதை மட்டும் ஒரு கொப்பியில் குறிக்கிறேன்.

இப்போதைய பை தலைக்கயிற்றோடு இருக்கிறது. நெற்றியில் படும் இடம் நான்கு விரல் அகலம், பாரம் ஒரே இடத்தில் அழுத்தாது. கழுத்து நோவுக்கு என்னால் முடிந்த வழி அதுதான். பக்கங்கள் வலை, அடி தண்ணீர் வடியும் துணி, வாயில் பிரம்பு வளையம். தலையை அசைத்தால் விழுந்துவிடும். குளவி பற்றிக் கேட்ட அக்கா போன மாதம் இரண்டாவது பை வாங்கினார். கொடுத்த மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனபோது, நான் தைத்த கயிற்று வளையத்தைப் பிரித்து இரண்டு விரல் கீழே இறக்கித் தானே கையால் தைத்திருந்தார். பள்ளத்தில் இறங்கும்போது பை முன்னால் வந்து தலையில் தட்டுகிறதாம். அளவு நாடாவை எடுத்து அந்தத் தையலை அளந்தேன். அடுத்த பத்துப் பைகளுக்கு அந்த அளவில்தான் துணி வெட்டி வைத்திருக்கிறேன்.